தைமின்னா புள்ளி வச்ச யூராசில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலோட கடைசியில "ஜெனடிக் கோட் டேபிளை உத்துப் பாத்தா பழைய கெமிக்கல் டேமேஜோட தழும்பு தெரியும்"னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அது என்ன தழும்பு, எங்க இருக்குன்னு கேட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதனால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, தேனி): டிஎன்ஏ-ல ஏ, டி, ஜி, சி. ஆர்என்ஏ-ல மட்டும் டி-க்கு பதிலா யூ. ரெண்டுமே ஏ கூடத்தானே ஜோடி சேருது, அப்புறம் எதுக்கு சார் தனித்தனியா ரெண்டு எழுத்து?

பதில்: சரியான இடத்துல கை வச்சிருக்கம்மா. இதுக்குப் பதில் டி-லயும் இல்ல, யூ-லயும் இல்ல, சி-ல இருக்கு.

சி-ங்கறது சைட்டோசின், யூ-ங்கறது யூராசில். சைட்டோசினை கிட்ட போய்ப் பாரு. ஆறு மூலை உள்ள ஒரு வளையம், அதோட நாலாவது இடத்து கார்பன்ல ஒரு அமினோ குரூப் தொங்கிட்டு இருக்கும், ஒரு நைட்ரஜன் ரெண்டு ஹைட்ரஜன். செல்லுக்குள்ள எங்க பாத்தாலும் தண்ணிதான், எப்பவாவது ஒரு தண்ணி மூலக்கூறு வந்து அந்த கார்பனைப் புடிச்சுக்கும், அமினோ குரூப் கழண்டு அம்மோனியாவா போயிடும், அந்த இடத்துல ஒரு ஆக்சிஜன் உக்காந்துக்கும். அவ்ளோதான், இப்ப அது சி கிடையாது, அச்சு அசல் யூராசில். இதுக்கு விஷமோ ரேடியேஷனோ எதுவும் வேணாம், வெறும் தண்ணியும் நேரமும் போதும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒரு நாளைக்கு சுமார் 100-ல இருந்து 500 சி இப்படிக் கெட்டுப் போகுதுன்னு கணக்கு.

இப்ப டிஎன்ஏ-லயும் யூ-வே எழுத்தா இருந்திருந்தா என்ன ஆகும்னு யோசி. ரிப்பேர் பண்ற என்சைம் வந்து பாக்குது, ஒரு யூ இருக்கு. இது முதல்லயே இங்க எழுதியிருந்த யூ-வா, இல்ல சி கெட்டு வந்த யூ-வா? கண்டுபிடிக்க வழியே இல்ல. அதனாலதான் டிஎன்ஏ-ல நல்ல யூராசிலுக்கு மேல ஒரு அடையாளம் போட்டிருக்கு, அஞ்சாவது கார்பன்ல ஒரு மெத்தில் குரூப். அந்த அடையாளம் போட்ட யூராசிலுக்குப் பேர்தான் தைமின். நான் கிளாஸ்ல இதை "புள்ளி வச்ச யூராசில்"னுதான் சொல்வேன். புள்ளி இருந்தா அது முறையா எழுதினது, புள்ளி இல்லாத யூ டிஎன்ஏ-ல எங்க கண்ணுல பட்டாலும் அது கெட்டுப்போன சி, வெட்டித் தூக்கிடு. இந்த வெட்டுற என்சைமை 1974-ல கண்டுபிடிச்சவர் தோமஸ் லிண்டால், சுவீடன்காரர். டிஎன்ஏ கல்லு மாதிரி அசையாதுன்னு எல்லாரும் நினைச்சிட்டு இருந்த காலத்துல, இல்ல, இது தினமும் தானா கெட்டுக்கிட்டே இருக்கு, யாரோ தினமும் சரி பண்ணிக்கிட்டே இருக்காங்கன்னு சொன்ன மனுஷன். 2015-ல கெமிஸ்ட்ரி நோபல், பால் மோட்ரிச், அஜீஸ் சஞ்சார் கூட சேத்து.

இந்தப் புள்ளியை வைக்க செல்லுக்கு செலவு இருக்கு, ஃபோலிக் ஆசிட் வேணும். அந்தச் செலவைப் பண்ணியாவது டிஎன்ஏ-க்கு டி வேணும்னா பாத்துக்கோ. ஆர்என்ஏ கொஞ்ச நேரம் இருந்துட்டு கரைஞ்சு போறது, அதுக்கு அவ்ளோ செலவு பண்ண வேண்டியதில்ல.

கேள்வி (பள்ளி ஆசிரியர், திருவாரூர்): நீங்கள் சொன்ன தழும்பு கோடான் டேபிளில் எங்கே இருக்கிறது? பல வருடமாக அந்த டேபிளை நடத்துகிறேன், என் கண்ணில் படவில்லையே.

பதில்: சார், டேபிளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கங்க. மூணு எழுத்து சேந்தது ஒரு கோடான், ஒவ்வொண்ணும் புரோட்டீன்ல கோக்கற ஒரு அமினோ ஆசிட்டையோ, இல்ல "இங்க நிறுத்து"ங்கற ஸ்டாப்பையோ குறிக்கும், மொத்தம் 64 கட்டம். மூணாவது எழுத்து சி-யா இருக்கற கட்டம் 16. அந்த 16-லயும் கடைசி சி-யை யூ-வா மாத்திப் பாருங்க. ஜி-சி-சி அலனின், ஜி-சி-யூ-வும் அலனின். யூ-ஏ-சி டைரோசின், யூ-ஏ-யூ-வும் டைரோசின். ஏ-ஏ-சி அஸ்பராஜின், ஏ-ஏ-யூ-வும் அதேதான். ஒண்ணு விடாம பாருங்க, 16-க்கு 16, ஒரு இடத்துல கூட அமினோ ஆசிட் மாறாது.

இப்ப கடைசி எழுத்து ஜி-யா இருக்கறதை ஏ-வா மாத்துங்க. இது ஏன்னா, எதிர் இழையில ஜி-க்கு ஜோடியா இருக்கற சி கெட்டு யூ ஆனா நம்ம இழையில அடுத்த காப்பியில ஜி இருந்த இடத்துல ஏ வந்து நிக்கும். இதுல 16-க்கு 14 மாறல. மாறுறது ரெண்டே ரெண்டு, மெத்தியோனினோட ஏ-யூ-ஜி, டிரிப்டோஃபேனோட யூ-ஜி-ஜி. அந்த ரெண்டும் கூட நம்ம செல்லுக்குள்ளயே இருக்கற மைட்டோகாண்ட்ரியாவுல சரியாயிடுது, அங்க ஏ-யூ-ஏ-வும் மெத்தியோனின், யூ-ஜி-ஏ-வும் டிரிப்டோஃபேன். ஆக அங்க 16-க்கு 16.

அதே சமயம் கடைசி எழுத்துல யூ-வை ஏ ஆக்கினாலோ சி-யை ஜி ஆக்கினாலோ கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கட்டத்துல அர்த்தம் மாறிடுது. அதாவது தண்ணியில தானா நடக்கற டேமேஜ் எதுவோ அது கடைசி எழுத்துல அர்த்தத்தைக் கிட்டத்தட்ட தொடவே மாட்டேங்குது. நான் சொன்ன தழும்பு இதுதான்.

ஓலைச்சுவடி படிக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். அந்தக் காலத்துல எ-மேல புள்ளி வச்சாதான் குறில், வைக்கலன்னா ஏ. எழுத்தாணியால புள்ளியை அழுத்திக் குத்தினா ஓலை ஓட்டையாகும், கிழியும். அதனால பெரும்பாலும் புள்ளியே வைக்காம எழுதினாங்க, எரி-யும் ஏரி-யும் சுவடியில ஒரே மாதிரிதான் இருக்கும், படிக்கறவன் இடம் பாத்துப் புரிஞ்சுக்கணும். ஓலை எந்த வித்தியாசத்தைத் தாங்காதோ அந்த வித்தியாசத்தை எழுத்துலயே விட்டுட்டாங்க. ஆரம்ப கால உயிர்கள் எழுதின ஓலை ஆர்என்ஏ. அதுல சி-க்கும் யூ-க்கும் உள்ள வித்தியாசம் நிக்காது, இன்னிக்கு சி-ன்னு எழுதினா நாளைக்கு யூ-ன்னு இருக்கும். அன்னிக்கு வெட்டித் தூக்கற என்சைமும் கிடையாது, புள்ளி வச்ச தைமினும் கிடையாது. ரிப்பேர் பண்ண ஆள் இல்லாத வீட்டுல என்ன பண்ணுவோம், உடைஞ்சாலும் பரவாயில்லங்கற மாதிரி சாமானை அடுக்குவோம். கோடும் அப்படித்தான் அமைஞ்சதுங்கறதுதான் இந்த யோசனை.

ஆனா முதல் ரெண்டு எழுத்துல கதை வேற. நடு எழுத்து சி கெட்டு யூ ஆனா 16 கட்டத்துலயும் அமினோ ஆசிட் மாறும். எப்படி மாறுதுன்னு பாருங்க: அலனின் வேலின் ஆகும், திரியோனின் பெரும்பாலும் ஐசோலியூசின் ஆகும், புரோலின் லியூசின் ஆகும். எல்லாமே ஒரே பக்கமா, தண்ணி பிடிக்காத எண்ணெய்க் குணம் உள்ள அமினோ ஆசிட் பக்கமா நகருது, ஒண்ணு கூட ஸ்டாப் ஆகல. அலனின் வேலினா மாறுறது புரோட்டீனுக்குப் பெருசா வலிக்காத மாற்றம். முதல் எழுத்துலதான் நிஜமான அடி: சி-ஏ-ஏ, சி-ஏ-ஜி, சி-ஜி-ஏ இந்த மூணும் நேரா ஸ்டாப் கோடான் ஆயிடும், புரோட்டீன் பாதியிலயே அறுந்துடும். இதை மறைச்சுட்டு கோட் ரொம்ப கெட்டின்னு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை): ஆதி பூமியில ஓசோனே இல்லையே, யூவி நேரா அடிச்சிருக்குமே, அதுல ஆர்என்ஏ எப்படித் தாக்குப் பிடிச்சது?

பதில்: ஓசோன் வர ஆக்சிஜன் வேணும், காத்துல ஆக்சிஜன் ஏற ஆரம்பிச்சது சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான், உயிர் அதுக்கு 100 கோடி வருஷம் முன்னாடியே வந்தாச்சு. அதனால நீங்க சொல்றது சரி, இன்னிக்கு மேலயே தடுக்கப்படற யூவி அன்னிக்கு தரை வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த யூவி அழிக்க மட்டும் இல்ல, பொறுக்கி எடுக்கவும் செஞ்சுது. 2009-ல மான்செஸ்டர்ல மேத்யூ பௌனர், பியாட்ரிஸ் ஜெர்லாண்ட், ஜான் சதர்லாண்ட் மூணு பேரும் ஆதி பூமியில இருந்திருக்கக்கூடிய சின்னச் சின்ன மூலக்கூறுகள்ல இருந்து ஆர்என்ஏ-வோட சி எழுத்தை உண்டாக்கிக் காட்டினாங்க. கூடவே வேண்டாத பக்கச் சரக்கும் வந்துச்சு. அதுமேல யூவி அடிச்சப்போ அந்த வேண்டாதது அழிஞ்சுது, சி நின்னுச்சு, அதுல ஒரு பங்கு யூ-வா மாறுச்சு. இங்க யூ எழுத்து எங்கருந்து வந்துச்சுன்னு கவனிங்க, சி கெட்டுத்தான் வந்துச்சு! யூவி பட்டதும் வளையத்துல அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கற இரட்டைப் பிணைப்புல தண்ணி ஏறிக்கும், அதுக்கப்புறம் அமினோ குரூப் ரொம்ப சுலபமா கழண்டுக்கும், அப்புறம் ஏறின தண்ணி இறங்கிட்டா மிச்சம் யூ.

சூடும் பெரிய எதிரி. 1998-ல லெவியும், 1953-ல குடுவைக்குள்ள மின்பொறி விட்டு அமினோ ஆசிட் எடுத்த அதே ஸ்டான்லி மில்லரும் சேந்து இந்த எழுத்துங்களோட அரை ஆயுளை, அதாவது பாதி கெட்டுப் போக ஆகற காலத்தை, அளந்தாங்க. 100 டிகிரியில ஏ-யும் ஜி-யும் சுமார் ஒரு வருஷம், யூ 12 வருஷம், சி வெறும் 19 நாள். அதே சி 0 டிகிரியில 17,000 வருஷம் தாங்கும். இதைப் பாத்துட்டு உயிர் கொதிக்கற தண்ணியில பொறந்திருக்க முடியாது, குளிர்ந்த இடம்தான்னு வாதாடறவங்க இருக்காங்க, எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. எப்படி இருந்தாலும் நாலு எழுத்துல பலவீனமானது சி-ங்கறதுல சந்தேகம் இல்ல.

கேள்வி (ஓய்வு பெற்ற பேராசிரியர், பாளையங்கோட்டை): மூன்றாவது எழுத்தில் சி, யூ வேறுபாடு இல்லாததற்குக் காரணம் கிரிக் சொன்ன வாபிள்தானே? டேமேஜைக் கொண்டுவந்து ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

பதில்: ஐயா, இந்தக் கேள்வி வரும்னு எதிர்பாத்துட்டுதான் இருந்தேன், நீங்க கேட்டது ரொம்ப சந்தோஷம். மத்த வாசகர்களுக்கு ரெண்டு வரி: கோடானைப் படிக்கறது டிஆர்என்ஏ, அதோட மூணு எழுத்து கோடானோட மூணு எழுத்தோட ஜோடி சேரணும், ஆனா மூணாவது ஜோடி கொஞ்சம் லூஸா இருக்கும், டிஆர்என்ஏ பக்கம் ஜி இருந்தா அது சி-யையும் புடிக்கும் யூ-வையும் புடிக்கும். இதை பிரான்சிஸ் கிரிக் 1966-ல சொன்னார். அப்படின்னா சி-யையும் யூ-வையும் பிரிச்சுப் படிக்க மெஷினுக்கே கண்ணு கிடையாது, அதனால ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னு ஐயா சொல்றாங்க. ஒத்துக்கறேன். 16-க்கு 16 வந்ததுக்கு நேரடிக் காரணம் வாபிள்தான்.

ஆனா நான் ஒண்ணு கேக்கறேன் ஐயா, படிக்கற மெஷின் ஏன் அந்த இடத்துல கூர்மையாகவே இல்ல? செல் நினைச்சா கூர்மையாக்க முடியும். பாக்டீரியாவுல ஏ-யூ-ஏ-வை ஏ-யூ-ஜி-ல இருந்து பிரிக்கறதுக்குன்னே ஒரு டிஆர்என்ஏ-ல சி மேல ஒரு லைசினையே ஒட்ட வச்சு லைசிடின்னு புது எழுத்து உண்டாக்கி வச்சிருக்கு. அவ்ளோ மெனக்கெட்டு ஏ-வையும் ஜி-யையும் ஒரு இடத்துல பிரிச்ச உயிர், சி-யையும் யூ-வையும் எந்த இடத்துலயும் பிரிக்கல. இயற்கையில கோட் அங்கங்க மாறியிருக்கு, மைட்டோகாண்ட்ரியாவுல, சில ஈஸ்ட்ல, சில ஒரு செல் உயிர்கள்ல, அந்த மாறின டேபிள்கள்லயும் கடைசி சி-யும் யூ-வும் சேந்தேதான் இருக்கு. பிரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும், சி கெடற ஒவ்வொரு முறையும் அர்த்தம் மாறும், அந்த உயிர் நிலைச்சிருக்காது. வாபிள் கதவைத் திறந்து வச்சுது, டேமேஜ் அதை மூட விடல, நான் இப்படித்தான் பாக்கறேன்.

1968-ல கிரிக்கே இந்தக் கோட் உறைஞ்சு போன ஒரு தற்செயலா இருக்கலாம்னு எழுதினார். அதுக்கு எதிரா 1998-ல ஸ்டீபன் ஃப்ரீலாண்ட், லாரன்ஸ் ஹர்ஸ்ட் ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல 10 லட்சம் கோடை இஷ்டத்துக்குக் கலைச்சு அடுக்கி, எது தப்பை நல்லா தாங்குதுன்னு பாத்தாங்க, சி-யூ மாதிரி அடிக்கடி நடக்கற தப்புக்கு எடை கூட வச்சு. நம்ம கோடை ஜெயிச்சது அந்த 10 லட்சத்துல ஒண்ணே ஒண்ணு. தற்செயல்னு சொல்றதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான் ஐயா. புது அமினோ ஆசிட் பழசுல இருந்து கிளைச்சு வந்தப்போ பக்கத்துக் கட்டத்தை எடுத்துக்கிட்டதாலயும் இந்த அடுக்கு வந்திருக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு, எல்லாம் சேந்துதான் இந்த டேபிள்.

கேள்வி (பிஎஸ்சி மாணவர், கோவை): இதெல்லாம் வெறும் பேப்பர்ல போட்ட கணக்கா, இல்ல யாராவது கெடுத்துப் பாத்திருக்காங்களா?

பதில்: கெடுத்துப் பாத்திருக்காங்க தம்பி, அதுவும் கோட் என்னன்னே தெரியாத காலத்துல! புகையிலையில தேமல் நோய் வரும், இலை திட்டுத்திட்டா வெளுக்கும், அதுக்குக் காரணமான வைரஸ்ல டிஎன்ஏ கிடையாது, ஒத்தை இழை ஆர்என்ஏ-தான். 1958-ல ஜெர்மனியில கீரரும் முண்ட்ரியும் அந்த ஆர்என்ஏ-வை நைட்ரஸ் ஆசிட்ல போட்டாங்க. நைட்ரஸ் ஆசிட் என்ன பண்ணும்னா தண்ணி வருஷக்கணக்குல பண்றதை நிமிஷக்கணக்குல பண்ணும், அமினோ குரூப்பைக் கழட்டிடும். கெடுத்த ஆர்என்ஏ-வை இலையில தேச்சா புதுப்புது மாதிரி நோய் வந்துச்சு. அடுத்து அந்த வைரஸோட மேல் உறை புரோட்டீனை எடுத்தாங்க, 158 அமினோ ஆசிட், அதோட முழு வரிசையும் 1960-ல தெரிஞ்சிடுச்சு. ஜெர்மனியில விட்மனும் அமெரிக்காவுல பெர்க்லி குழுவும் எந்த எந்த அமினோ ஆசிட் மாறியிருக்குன்னு தேடினாங்க. புரோலின் இருந்த இடத்துல செரின், செரின் இருந்த இடத்துல ஃபினைல்அலனின், திரியோனின் இருந்த இடத்துல ஐசோலியூசின். ஒரு எழுத்து கெட்டா ஒரு அமினோ ஆசிட்தான் மாறுது, பக்கத்துல இருக்கறது மாறல, அதனால கோடான்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரலங்கறதுக்கு அது நல்ல ஆதாரமாச்சு. 1961-ல நிரன்பெர்கும் மத்தேயும் வெறும் யூ-வா கோத்த ஆர்என்ஏ ஃபினைல்அலனின் தருதுன்னு காட்டி முதல் கோடானை உடைச்சாங்க, அப்புறம் நம்ம ஹர்கோபிந்த் கொரானா யூ-சி-யூ-சி-னு மாத்தி மாத்திக் கோத்த இழையில செரினும் லியூசினும் மாறி மாறி வர்றதைக் காட்டினார். அந்த அர்த்தங்களை வச்சுக்கிட்டு தேமல் வைரஸ் லிஸ்டைத் திரும்பப் பாரு: சி-சி-யூ புரோலின், யூ-சி-யூ செரின், யூ-யூ-யூ ஃபினைல்அலனின். சி ஒவ்வொண்ணா கெடக் கெட படி இறங்கற மாதிரி வரிசையா இருக்கு. உன் லேப் நோட்ல இதை ஒரு தடவை எழுதிப் பாரு, அந்த சந்தோஷம் எனக்கு இன்னும் போகல.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): எங்க வீட்டுக்காரரோட கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்ல அப்போ-பி-ன்னு ஒரு வரி இருந்துச்சு. நீங்க எழுதறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: நேரடி சம்பந்தம் இருக்கும்மா. அப்போ-பி ஒரு பெரிய புரோட்டீன், ரத்தத்துல கொழுப்பைச் சுமந்துட்டுப் போற வண்டி. கல்லீரல்ல செய்யறது முழு நீளம், 4,536 அமினோ ஆசிட். அதே ஜீனை வச்சு சிறுகுடல் செய்யறது 2,152 தான், சாப்பாட்டுக் கொழுப்பை ஏத்திக்க அந்தக் குட்டை வண்டி போதும். எப்படிக் குட்டையாச்சு? குடல்ல ஒரு என்சைம் இருக்கு, அது அந்த ஆர்என்ஏ-ல ஒரே ஒரு சி-யை வேணும்னே கெடுத்து யூ ஆக்குது. சி-ஏ-ஏ இருந்தது யூ-ஏ-ஏ ஆச்சு, அதாவது ஸ்டாப், அங்கயே புரோட்டீன் முடிஞ்சுது. மேல திருவாரூர் சாருக்கு "நிஜமான அடி"ன்னு சொன்னேன்ல, அதே அடியை உடம்பு கத்தரிக்கோல் மாதிரி உபயோகிக்குது. இதை 1987-ல கண்டுபிடிச்சாங்க.

அதே டேமேஜ் தானா நடந்தா நோய்தான். சி-க்கு அடுத்து ஜி வர்ற இடங்கள்ல நம்ம டிஎன்ஏ பெரும்பாலும் சி மேலயும் ஒரு மெத்தில் புள்ளி வச்சிருக்கும், அந்தப் புள்ளி வச்ச சி கெட்டா யூ ஆகாது, நேரா டி ஆயிடும். டி டிஎன்ஏ-ல இருக்க வேண்டிய எழுத்துதானே, ரிப்பேர் ஆளுக்கு அதைக் கண்டுபிடிக்கறது கஷ்டம். ஹீமோபீலியா ஏ-ங்கற ரத்தம் உறையாத நோய்ல சம்பந்தமே இல்லாத வேற வேற குடும்பங்கள்ல சி-ஜி-ஏ டி-ஜி-ஏ ஆகி ஸ்டாப் விழுந்த அதே மாற்றம் திரும்பத் திரும்ப வர்றதுக்குக் காரணம் இதுதான். ரிப்போர்ட்ல நம்பர் கூட இருந்தா டாக்டரைப் பாருங்க, அது வேற விஷயம்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): செத்த பிறகும் இந்த சி கெடுமோ?

பதில்: கெடும், செத்தப்புறம்தான் தடுக்க ஆளே இல்லையே. பழைய எலும்புல டிஎன்ஏ துண்டு துண்டா உடைஞ்சிருக்கும், உடைஞ்ச நுனியில இழை ஒத்தையா நீட்டிக்கிட்டு இருக்கும், அங்க சி ரொம்ப சீக்கிரம் கெடும். அதைப் படிச்சா நுனியில சி இருக்க வேண்டிய இடத்துல டி-ன்னு வரும். நியாண்டர்தால் மனுஷனோட டிஎன்ஏ-வைப் படிச்சு 2022-ல நோபல் வாங்கின ஸ்வாந்தே பேபோவும் அவர் வழியில வர்றவங்களும் முதல்ல தேடறது இதைத்தான். நுனியில அந்த டி கூட்டமா இருந்தா நிஜமாவே பழைய எலும்போட டிஎன்ஏ. நுனி சுத்தமா இருந்தா அது பெரும்பாலும் தோண்டினவங்க கையில இருந்தோ லேப்ல இருந்தோ ஒட்டினது.